தவக்களை தசரதனின் வாய்

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் போய்த் தசரதன் எங்கே என்று கேட்டால் எல்லாரும் கையை விரிப்பார்கள். தவக்களை எங்கே என்று கேளுங்கள், டீ ஆற்றுகிறவர் முதல் டிக்கெட் கிழிக்கிறவர் வரைக்கும் ஆளைக் காட்டுவார்கள். சிவப்பு பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுவது அவன் பிழைப்பு. கூப்பிடும்போது கழுத்து இரண்டு பக்கமும் புடைத்துக்கொள்ளும். கண் பிதுங்கும். "கீப்னாத்தூர் செஞ்சி திண்டிவனம்! ஏறு ஏறு ஏறு!" என்று அவன் ஒரு குரல் விட்டால், வேலூர் பஸ்ஸுக்காக உட்கார்ந்து தூங்குகிறவன்கூடத் திடுக்கிட்டு எழுந்து இந்த பஸ்ஸில் ஏறிவிடுவான். கரகரவென்ற குரல்தான். ஆனால் அம்மாடி, என்ன குரல்!

அவன் பெண்டாட்டி சந்திரம்மாள் அதே பஸ் ஸ்டாண்டில் கூடை வைத்து வேகவைத்த மல்லாட்டை விற்கிறாள். நிலக்கடலை என்று கேட்டால் முறைப்பாள். தன் புருஷனின் வாய் வாங்கிய அடியை இந்த மாவட்டத்தில் வேறு எந்த வாயும் வாங்கியிருக்காது என்பது அவளுடைய தீர்மானம். அதைப் பெருமையாகச் சொல்கிறாளா எரிச்சலில் சொல்கிறாளா என்று கேட்கிறவர்களுக்குப் புரியாது. அவளுக்கே புரியாது.

முதல் அடி அப்பனிடம். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஏரிக்கரையை ஒட்டிய ஊர். மதகை யாரோ உடைத்துத் தன் நிலத்துக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டான் என்று ஊரே கூடி நின்றது. யார், யார் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, டவுசரைப் பிடித்துக்கொண்டு நின்ற தசரதன் கழுத்தைப் புடைத்துக்கொண்டு, "எங்க பெரியப்பாதான்! நான் பாத்தேன்!" என்று கத்திவிட்டான். பெரியப்பாவுக்குச் செம அடி விழுந்தது. பக்கத்தில் நின்றிருந்த அப்பா சடையனுக்கும் சேர்த்து விழுந்தது. சடையன் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தி, மகனை மாட்டுக் கயிற்றால் விளாசினார். கடைசி அடி வாயில் பட்டு முன்பல் ஒன்று தெறித்து அடுப்படியில் விழுந்தது.

"தவக்கள தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? பாம்புக்கு வழி தெரியாதுடா. அது கத்தறதாலதான் வருது. இனிமே வாயத் தொறப்பியா?"

தசரதன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "ஆனா பெரியப்பாதானே நைனா ஒடச்சாரு?" என்றான். அதற்கு வேறு ஒரு சுற்று விழுந்தது. அன்றிலிருந்து தவக்களை என்ற பேர் ஒட்டிக்கொண்டது.

கல்யாணத்தின்போதும் அந்தப் பேர் சும்மா இருக்கவில்லை. அந்த வருஷம் ஏரி வெடித்துக் கிடந்தது. தவளைக்குக் கல்யாணம் பண்ணி வைத்தால் மழை வரும் என்பது ஊர்ப்பேச்சு. "நம்ம தவக்களைக்குத்தான் பண்றோமே, போதாதா?" என்று பந்தலில் எல்லாரும் கிண்டல் அடித்தார்கள். தாலி ஏறிய கையோடு இடி இடித்துக் கொட்டியது பாருங்கள் ஒரு மழை, பந்தலே சாய்ந்து சாம்பார் குண்டானில் விழுந்தது. சாப்பாடு போச்சே என்று பெண் வீட்டுக்காரர்களும் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் கரண்டியால் அடித்துக்கொண்டார்கள். மூன்று மண்டை உடைந்தது. சந்திரம்மாள் மாலையோடு நின்று சிரித்தாள். அவன் பல் போன வாயால் சிரித்தான். அப்போதுதான் அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது.

பஸ் ஸ்டாண்டு பிழைப்பு சண்டைக்குப் பிறந்தது. ஒரே ரூட்டில் சிவப்பு பஸ்ஸும் பச்சை பஸ்ஸும் ஓடுகின்றன. முன்னால் கிளம்புகிறவனுக்குத்தான் கூட்டம். நீ எடு, நான் எடுக்கிறேன், உன் டைம் முடிஞ்சுது, என் டைம் இன்னும் இருக்கு என்று தினமும் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். கண்ணாடி உடையும், மூக்கு உடையும், மறுநாள் சேர்ந்து டீ குடிப்பார்கள். பச்சை பஸ்ஸுக்கு டைமிங் பார்க்க சுரேஷ்குமார் என்று ஒருத்தன் வந்த பிறகு அந்த டீ நின்றுபோனது. அவன் மணியைப் பார்த்ததை யாரும் பார்த்ததில்லை. கையில் எப்போதும் ஜாக்கி லிவர் என்கிற இரும்புக் கம்பி இருக்கும். அதைக் காலில் தட்டிக்கொண்டே நடப்பான்.

சிவப்பு பஸ் டிரைவர் செழியன் நல்ல பையன். தினமும் சந்திரம்மாளிடம் ஒரு படி மல்லாட்டை வாங்கி, வண்டி கிளம்புகிறவரை உரித்துத் தின்றுகொண்டு, "யக்கா, உப்பு கம்மி" என்று ஒரு குறை சொல்வான். உப்பு ஜாஸ்தியாகப் போட்ட நாளிலும் அதையேதான் சொல்வான்.

அன்று நல்ல வெயில். பச்சை பஸ் சிவப்பு பஸ்ஸுக்குக் குறுக்கே நின்றது. செழியன் இறங்கிப் போய், "எடுங்கப்பா, ஜனங்க காத்துக்கினு கீது" என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை அவன் பேசவில்லை. சுரேஷ்குமார் பின்னாலிருந்து வந்து ஜாக்கி லிவரை மண்டையில் இறக்கினான். சூறைத் தேங்காய் உடைகிற சத்தம். செழியன் முழங்காலில் விழுந்து, தலையைத் தொட்டுப் பார்த்து, கையில் ஒட்டியதை ஆச்சரியமாகப் பார்த்தான். அடுத்த அடி கழுத்தில். சாய்ந்தவன்மேல் காலை ஊன்றிக்கொண்டு இன்னும் இன்னும் அடித்தான் அந்தப் பாவி. சந்திரம்மாளின் கூடை கவிழ்ந்து, உருண்ட மல்லாட்டை வரைக்கும் ரத்தம் ஓடி வந்தது. பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் செத்துக் கிடந்த செழியனின் காலைத் தாண்டி வந்து, "இந்த பஸ்ஸு கிளம்புமா, கிளம்பாதா?" என்று கேட்டான். மனிதன் எப்பேர்ப்பட்ட ஜென்மம் பாருங்கள்.

போலீஸ் வந்து விசாரித்தபோது டீக்கடை மணி, "நான் டீ ஆத்திகினு இருந்தேன் சார்" என்றார். கொய்யா விற்கிறவள் அந்தப் பக்கம் திரும்பி நின்றாளாம். கண்டக்டர் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாராம். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் முதுகு மட்டும்தான் இருந்திருக்கிறது. சந்திரம்மாளிடமும் கேட்டார்கள். செழியன் உரித்துப் போட்ட தோல் இன்னும் அவள் காலடியில் கிடந்தது. "நான் மல்லாட்ட அள்ளிகினு இருந்தேம்மா, எதையும் பாக்கல" என்றாள் அவள், ஏட்டு அருணாதேவியின் முகத்தைப் பார்க்காமல்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் கரகரத்த குரல் வந்தது. "நான் பாத்தேம்மா. சுரேஷ்குமார்தான் அடிச்சான்."

சந்திரம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அட பாவி மனுஷா, பல்லு போயும் புத்தி வரவில்லையே உனக்கு!

கேஸ் முழுக்க அந்த ஒரு வாயில் தொங்கியது. தசரதன் கோர்ட்டில் ஏறிச் சொன்னால் சுரேஷ்குமார் உள்ளே. சொல்லாவிட்டால் வெளியே. ஜாமீனில் வந்த சுரேஷ்குமார் நேராகச் சந்திரம்மாளின் கூடைக்கு முன்னால் வந்து குந்தினான். ஒரு மல்லாட்டையை எடுத்து விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினான்.

"யக்கா, உங்க ஊட்டுக்காரரு பேரு இன்னா? தவக்களையா? அதான் பழமொழியே கீதே. பெரியவங்க சொன்னது எதுவும் பொய்யாப் போவாதுக்கா." நசுக்கிய பருப்பை அவள் முந்தானையில் தடவிவிட்டு எழுந்து போனான்.

கோர்ட்டு நாள் நெருங்கியது. ஒரு விடிகாலை வாசல் தெளிக்க வந்த சந்திரம்மாள் சொம்பைக் கீழே போட்டாள். நிலைப்படியில் ஒரு கொட்டாங்கச்சி. அதற்குள் மஞ்சளும் குங்குமமும் பூசிய ஒரு தவளை. அதன் வாயை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கறுப்பு நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தார்கள். தையலுக்கு நடுவே ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. செத்துப்போயிருந்தால்கூடப் பரவாயில்லை. உயிரோடு இருந்தது. கண் இரண்டும் வெளியே வந்துவிடுகிற மாதிரி அவளைப் பார்த்தது.

வாய்க்கட்டு. எதிராளி கோர்ட்டில் சாட்சி சொல்லக்கூடாது என்றால் அவன் பேரைச் சொல்லித் தவளையின் வாயைத் தைத்து அவன் வாசலில் வைப்பார்கள். தவளை வாய் திறக்காதவரை அவனும் திறக்கமாட்டான். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நீங்கள் சொல்லலாம், நானும் சொல்லலாம். நம் வாசலில் வந்து உட்கார்ந்தால்தான் தெரியும். தசரதன் பார்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். சிவப்பு பஸ் படிக்கட்டில் ஏறி நின்று, கழுத்தைப் புடைத்து, வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

சுற்றியிருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அவன் மறுபடி மறுபடி வாயைத் திறக்க, சிரிப்பு நின்றுவிட்டது. கொய்யாக்காரி கையெடுத்து மலையைக் கும்பிட்டாள்.

சத்தியமாகச் சொல்ல வேண்டும் என்றால், சந்திரம்மாளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கட்டியே இருக்கட்டும் இந்த வாய், ஆளாவது மிஞ்சும் என்று நினைத்தாள். கூடை போட்டு மூடி வைத்திருந்த தவளையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த தசரதன் சுவர்க் கண்ணாடியின் முன்னால் நின்றான். கழுத்து புடைத்தது. நரம்பு நீலமாக எழுந்தது. சத்தமே இல்லாமல் "ஏறு ஏறு ஏறு" என்று வாய் மட்டும் அசைந்தது. பிறகு தன் வாயிலேயே தான் ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டான், உதடு கிழிந்து கண்ணாடியில் தெறிக்கும் வரை. இத்தனை வருஷம் ஊரார் அடித்த வாயை அவனே அடிப்பதைப் பார்த்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. வெறி வந்தவளாகக் கூடையைத் தூக்கினாள். தவளையைக் கையில் பிடித்து, பிளேடால் தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள்.

அறுக்கும்போது பார்த்தாள். தொண்டைக்கு அடியில் கறுத்த தோல் பையாகச் சுருங்கித் தொங்கியது. ஆண் தவளை. மழையில் கத்துவது ஆண்தான், பெட்டைக்குப் பையும் கிடையாது, கத்தலும் கிடையாது. வயக்காட்டில் நாற்று நட்ட யாருக்கும் இது தெரியும். சந்திரம்மாள் கட்டைவிரலால் அந்தப் பையை அழுத்தி மறைத்துக்கொண்டாள்.

"யோவ், இங்க பாருயா! வாயத் தச்சிருக்கானே மடப்பய, எதுக்குத் தச்சிருக்கான் பாரு! இது பொட்டத் தவக்களய்யா! கத்தாததுக்குப் போய் வாயக் கட்டியிருக்கான்! இந்த லட்சணத்துல இவனுக்கு ஒரு மந்திரவாதி!"

தசரதன் அருகில் வந்தான். தவளையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கிழிந்த உதட்டில் சிரிப்பு வந்தது. "பொட்டையா?" என்றான். கரகரவென்று, அதே குரல். அவள் சாக்கடை ஓரம் தவளையை விட, அது வாயைப் பிளந்து ஒரு முறை மூச்சு வாங்கிவிட்டுத் தாவிப் போனது.

கோர்ட்டுக்குப் போகிற காலையில் கோர்ட்டு இருக்கும் வேங்கிக்காலுக்குப் போகும் டவுன் பஸ்ஸுக்காக இருவரும் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். செழியனின் பெண்டாட்டி வேதா கோர்ட்டு வாசலில் காத்திருப்பாள் என்று தசரதன் அவசரப்பட்டான். பின்னாலிருந்து சுரேஷ்குமாரின் ஆட்கள் இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு போய் கழிப்பறைச் சுவரில் மோதினார்கள். ஓடி வந்த சந்திரம்மாளின் வயிற்றில் ஒருவன் உதைத்தான், அவள் சுருண்டு விழுந்தாள். சுரேஷ்குமார் தசரதனின் கழுத்தை ஒரு கையால் சுவரோடு அழுத்திப் பிடித்தான். மறு கையில் ஜாக்கி லிவர்.

"கத்துடா. இப்ப கத்து பாக்கலாம்."

ஏரிக்கரை ஊர்க்காரர்களுக்குத் தவளையின் சத்தங்கள் அத்துபடி. மழைக்குக் கத்துவது ஒன்று, ஜோடிக்குக் கத்துவது ஒன்று. இன்னொன்று உண்டு. பாம்பு காலைக் கவ்விய பிறகு வருவது. பச்சைப்பிள்ளை வீறிடுவது போல இழுத்து இழுத்து வரும். அதைக் கேட்டால் சோறு தின்கிறவனும் கையை உதறிவிட்டுக் கோலை எடுப்பான், பாம்பு பக்கத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். தசரதன் தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பஸ் ஸ்டாண்டே திரும்பியது. சுரேஷ்குமாரின் பிடி எப்போது தளர்ந்ததோ, அந்தக் கணத்தில் அவன் கழுத்தைப் புடைத்துக்கொண்டு, ஆள் கூப்பிடுகிற அதே ராகத்தில் கூவினான்.

"செழியன கொன்னவன் சுரேஷ்குமார்! சுரேஷ்குமார்! சுரேஷ்குமார்! ஏறு ஏறு ஏறு!"

அந்த ஏறு பழக்க தோஷத்தில் வந்தது. அதற்குள் ஜாக்கி லிவர் அவன் தொண்டையில் குறுக்கே இறங்கியது. கரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். தசரதன் சுவரோடு சரிந்தான், வாயிலிருந்து குபுகுபுவென்று ரத்தம்.

"நானும் பாத்தேன்டா!" என்று சந்திரம்மாள் தரையில் கிடந்தபடியே அலறினாள். "நானும் பாத்தேன்டா பாவி! இவன்தான் கொன்னான்! நான் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

அடுத்து நடந்ததை நான் நல்லது என்று சொல்லமாட்டேன், கெட்டது என்று சொல்லவும் வாய் வரவில்லை. டீக்கடை மணி கொதிக்கிற பாலைச் சட்டியோடு கொண்டுவந்து சுரேஷ்குமாரின் முகத்தில் ஊற்றினார். கண்டக்டர் அவன் லிவரைப் பிடுங்கி அவன் கையிலேயே இறக்கினார், எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கொய்யாக்காரி தராசுத் தட்டால் மண்டையில் அடித்தாள். கூட வந்த இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். அன்றைக்குத் திரும்பி நின்ற முதுகெல்லாம் இன்று முகமாகி நின்றது. தங்கள் பயத்துக்கும் சேர்த்து அவனை அடித்தார்கள், அதனால்தான் நிறுத்தத் தெரியவில்லை. ஏட்டு அருணாதேவி ஓடி வந்து அவன்மேல் விழுந்து மறைத்திருக்காவிட்டால் அதே இடத்தில் இன்னொரு பிணம் விழுந்திருக்கும்.

தசரதன் உயிர் பிழைத்தான். குரல் பிழைக்கவில்லை. குரல்வளை நொறுங்கிவிட்டது, இனி மூச்சுதான், சத்தம் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சந்திரம்மாள் போலீசில் புதிதாக வாக்குமூலம் கொடுத்துவிட்டுக் கோர்ட்டில் கூண்டேறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதலில் பார்க்கவில்லை என்றவள் இப்போது எப்படிப் பார்த்தாள் என்று குடைந்தார். "நுணலும் தன் வாயால் கெடும், கேள்விப்பட்டிருக்கியாம்மா? பொய் சொன்னா நீயே மாட்டிக்குவே."

"கேள்விப்பட்டிருக்கேங்க. மொதல்ல சொன்னதுதாங்க பொய். பயந்துகினு சொன்னேன். என் ஊட்டுக்காரரு பயப்படாம சொன்னாரு, அவருக்கு இப்ப தொண்டையே இல்ல. பாம்பு எங்க கீதுன்னு ஊருக்குக் காட்டிக் குடுத்ததும் அந்த வாய்தாங்க."

அவளுக்குப் பின்னால் மணியும் கண்டக்டரும் கொய்யாக்காரியும் ஏறினார்கள். சுரேஷ்குமாருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. வேதா சந்திரம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இப்போது தசரதன் பெண்டாட்டியின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலம் மடிக்கிறான். சிவப்பு பஸ் கிளம்பும்போது எழுந்து போய் அதன் தகரத்தில் கையால் டமடமவென்று தட்டுவான். அதைக் கேட்டு ஜனங்கள் ஏறுகிறார்கள். அவன் தட்டும்போதெல்லாம் சந்திரம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். வாய்க்கட்டு பலித்துவிட்டதே, கட்டிய வாயை அவிழ்த்துவிட்டது நான்தானே, அன்றைக்குக் கட்டை விரலை வைத்து மறைக்காமல் இருந்திருந்தால் கோர்ட்டு முடிந்ததும் இந்தக் குரல் திரும்பியிருக்குமே என்று சோறு இறங்காமல் தவிப்பாள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில் தவளைகள் கத்த ஆரம்பித்தன. இருவரும் பிளாஸ்டிக் ஷீட்டுக்குள் ஒண்டி உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க அவளால் முடியவில்லை.

"யோவ். அன்னிக்கு நான் சொன்னது பொய்யுயா. அது பொட்ட இல்ல. ஆம்பளத் தவக்களதான். உன்ன ஏமாத்தித்தான் அனுப்பினேன்." சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

தசரதன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துப் பார்த்தால், சிரிக்கிறான். பல் போன வாயை அவள் காதோடு ஒட்ட வைத்து, மூச்சாலேயே சொன்னான்.

"தெரியும். வெரலுக்குக் கீழ பை தொங்கிச்சே. ஏரிக்கரைல பொறந்தவன் நானு."

"தெரிஞ்சுமாயா போன? ஏன்யா?"

அவன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். மழைச் சத்தத்தில் அவள் இன்னும் நெருங்கிக் காதைக் கொடுத்தாள்.

"நீயும் பாத்தியே சந்திரா. மல்லாட்ட அள்ளலியே நீ அன்னிக்கு. உனக்கும் சேத்துத்தான் கத்தினேன்."

அவள் அவன் கழுத்தில் இருந்த தழும்பின்மேல் கையை வைத்து, மழை விடும்வரை அப்படியே உட்கார்ந்து அழுதாள்.